டிரிப் ஒபரான்: ரெப்ரஸர் இருக்கும்போது அட்டனுவேஷன் எதற்கு?

கயல்_எருத்தேம்பதி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை எனக்குத் தமிழ் வழி. அப்புறம் புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் என்று போய்விட்டது. இந்தப் பாடத்தை ஒருமுறை தமிழில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

ஒபரான் என்றால் பாக்டீரியாவில் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து இயங்கும் ஜீன்களின் வரிசை. அதில் லாக்டோஸை உடைக்கும் லாக் ஒபரான் புரிகிறது. லாக்டோஸ் இல்லாதபோது ரெப்ரஸர் என்ற தடுப்புப் புரதம், ஜீன்களுக்கு முன்னால் உள்ள ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ. துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாக்டோஸ் வந்தால் விட்டுவிடும், மூன்று ஜீன்களும் ஒரே எம்.ஆர்.என்.ஏ.வாக, அதாவது புரதம் செய்வதற்கான செய்தி நகலாக, படியெடுக்கப்படும். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் டிரிப் ஒபரான் இதற்கு நேர் எதிர், அதுவும் சரி. டிரிப்டோபன் நிறைய இருந்தால் அது ரெப்ரஸரோடு சேரும், ரெப்ரஸர் போய் ஆபரேட்டரை அடைக்கும், ஐந்து ஜீன்களும் நின்றுவிடும்.

அதோடு வேலை முடிந்துவிட்டதே? பிறகு எதற்கு லீடர், நான்கு துண்டுகள், ஹேர்பின் என்று, படியெடுத்தலைப் பாதியில் நிறுத்தும் அட்டனுவேஷன் என்ற இன்னோர் ஏற்பாடு?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. டிரிப்டோபன் மட்டும் இல்லாமல், எல்லா அமினோ அமிலமுமே தீர்ந்துபோனால் ஒபரான் திறக்குமா, மூடுமா? ஒரு கைடில் திறக்கும் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் மூடும் என்று இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

கயல், இரண்டு கேள்வியையும் சேர்த்தே பார்க்கலாம் கண்ணு. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவது தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் லாக்கில் ஒரு சின்ன விஷயம். ரெப்ரஸரை விலக வைப்பது லாக்டோஸ் அல்ல, அதிலிருந்து உண்டாகும் அல்லோலாக்டோஸ். அதை உண்டாக்குவது பீட்டா கேலக்டோசிடேஸ், அதாவது அதே ஒபரானின் நொதி. ஆக, ஒபரான் மூடியிருக்கும்போதும் அந்த நொதி சில மூலக்கூறுகளாவது செல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஒரேயடியாக அடைத்துவிட்டால் லாக்டோஸ் வந்திருப்பதே செல்லுக்குத் தெரியாது. தேர்வில் அடிக்கடி கேட்கும் இடம் இது.

இனி டிரிப். படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்கும் முதல் ஜீனான டிரிப்-ஈ தொடங்கும் இடத்துக்கும் நடுவில் 162 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் எழுத்து) நீளத்துக்கு ஒரு லீடர், அதாவது முன்பகுதி, இருக்கிறது. அதற்குள் 14 அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு குட்டிப் பெப்டைடுக்கான செய்தி இருக்கிறது. அதில் 10ஆவது, 11ஆவது இடங்கள் இரண்டும் டிரிப்டோபன். பாக்டீரியாவின் புரதங்களில் மிக அரிதாக வரும் அமினோ அமிலங்களில் ஒன்று டிரிப்டோபன். அது 14 பேருக்குள் இரண்டு தடவை, அதுவும் அடுத்தடுத்து வருகிறது என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

லீடர் ஆர்.என்.ஏ.வில் 1, 2, 3, 4 என்று நான்கு பகுதிகள். 1 போய் 2-உடன் சேரலாம். 2 போய் 3-உடன் சேரலாம். 3 போய் 4-உடன் சேரலாம். 3-4 சேர்ந்துவிட்டால், அந்த ஹேர்பினும் (ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்த வளைவு) அதை ஒட்டி வரும் யூ எழுத்து வரிசையும் சேர்ந்து, ஆர்.என்.ஏ.வை எழுதும் பாலிமரேஸ் நொதியைக் கழற்றிவிடும். சுமார் 140 நியூக்ளியோடைடிலேயே ஆர்.என்.ஏ. முடிந்துபோகும். 2-3 சேர்ந்துவிட்டால் 3-க்கு ஆள் கிடைத்துவிட்டது, 4 தனியாக நிற்கும், பாலிமரேஸ் ஜீன்களுக்குள் போய்விடும்.

புத்தகப் படங்களில் ஆர்.என்.ஏ. முழுவதையும் ஒரே நேரத்தில் வரைந்துவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிஜத்தில் 4 உருவாகும் முன்பே 1-ம் 2-ம் வெளியே வந்துவிடும். அவை சேர்ந்த உடனே பாலிமரேஸ் கொஞ்சம் தயங்கி நிற்கும், ஏறக்குறைய 90ஆவது நியூக்ளியோடைடு பக்கத்தில். அந்த இடைவெளியில், ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்யும் ஒரு ரைபோசோம் லீடரில் ஏறிக்கொள்ளும். அது நகர்ந்து வந்து 1-2 பிணைப்பைக் கலைக்கும்போது பாலிமரேஸும் மறுபடி கிளம்பும். முன்னால் பாலிமரேஸ், பின்னாலேயே ரைபோசோம். அதன் பிறகு ரைபோசோம் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

டிரிப்டோபன் தாராளமாக இருந்தால் ரைபோசோம் டிரிப்டோபனுக்கான அந்த இரண்டு கோடானையும் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்) தாண்டி, பெப்டைடு முடியும் நிறுத்தக் கோடான் வரை போய்விடும். அங்கே நிற்கும்போது பகுதி 2-ஐ மறைத்துக்கொள்ளும். 3-க்கு 2 கிடைக்காது, 4-உடன் சேரும். முடிந்தது.

டிரிப்டோபன் குறைவு என்றால் ரைபோசோம் அந்த இரண்டு கோடான்களில் சிக்கி நிற்கும். அவை பகுதி 1-க்குள் இருக்கின்றன. 1 மறைந்துவிட்டது, 2 காலியாக இருக்கிறது, அடுத்து வரும் 3-உடன் சேர்ந்துவிடும். ஒபரான் திறக்கும்.

உன் இரண்டாவது கேள்விக்கு இப்போது நீயே விடை சொல்லலாம். எல்லா அமினோ அமிலமும் இல்லை என்றால் ரைபோசோம் டிரிப் கோடான் வரைக்கும் வந்தே சேராது, ஆரம்பத்திலேயே நின்றுவிடும். அங்கே நின்றால் பகுதி 1 மறையாது. 1-2 சேர்ந்தபடியே இருக்கும், 3 வந்ததும் 4-உடன் சேரும். மூடும். மற்ற 19-ம் இல்லாதபோது டிரிப்டோபனை மட்டும் செய்து வைத்துக்கொண்டு செல் என்ன செய்ய முடியும்? மூடும் என்று போட்ட கைடுதான் சரி.

கயல்_எருத்தேம்பதி:

மாஷ், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. "எங்கே நிற்கிறது" என்பதை வைத்துப் பார்த்தால் மூன்று நிலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஆனால் முதல் கேள்வி எனக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. ரெப்ரஸரும் டிரிப்டோபன் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது, லீடரும் அதையேதான் பார்க்கிறது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை பார்ப்பது எதற்கு?

வாளையார்_ஆய்வாளன்:

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ரெப்ரஸர் மட்டும் ஏறக்குறைய 70 மடங்கு கட்டுப்படுத்துகிறது. அட்டனுவேஷன் 8 முதல் 10 மடங்குதான். முக்கியமான வேலை ரெப்ரஸருடையது. அட்டனுவேஷனைப் பரிணாமத்தில் மிச்சமாக நின்றுபோன ஓர் ஏற்பாடு என்று வைத்துக்கொண்டாலே போதும். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

எண்கள் சரிதான் தம்பி, முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன, அதனால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 600, 700 மடங்கு வரும். 70-க்கும் 700-க்கும் உள்ள தூரம் ஒரு செல்லுக்குச் சின்ன விஷயமே இல்லை. இருபது அமினோ அமிலங்களில் செய்வதற்கு அதிகமாக ஆற்றல் பிடிப்பது டிரிப்டோபன்.

அதைவிடப் பெரிய சாட்சி ஹிஸ்டிடின் ஒபரான். ஈ. கோலை, சால்மோனெல்லா இரண்டிலும் ஹிஸ் ஒபரானுக்கு ரெப்ரஸரே கிடையாது. ஹிஸ்டிடின் போதுமா போதாதா என்பதை அட்டனுவேஷன் ஒன்றே பார்த்துக்கொள்கிறது. அதன் லீடர் பெப்டைடில் ஏழு ஹிஸ்டிடின் வரிசையாக வரும். ஃபினைல்அலனின் ஒபரானின் லீடரில் 15-க்கு 7 ஃபினைல்அலனின். மிச்சமாக நின்றுபோன ஏற்பாடு இத்தனை ஒபரான்களில் இத்தனை கச்சிதமாக, அந்தந்த அமினோ அமிலத்தை அந்தந்த லீடரில் வைத்துக்கொண்டு இருக்காது.

கயல், உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் பார்ப்பது ஒரே விஷயம் அல்ல. ரெப்ரஸர் பார்ப்பது செல்லுக்குள் தனியாகத் திரியும் டிரிப்டோபனை. லீடர் பார்ப்பது, அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்றப்பட்டு, ரைபோசோமின் கைக்கு வந்து சேர்ந்த டிரிப்டோபனை. மூலத்தறை அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று, கடைமடை வயலுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. நம் தாலுகாவில் விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இது சும்மா ஊகம் இல்லை. டிரிப்டோபனை டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதி பழுதான மியூட்டன்ட்டுகள், அதாவது ஜீனில் மாற்றம் உள்ள பாக்டீரியாக்கள், இருக்கின்றன. அவற்றுக்கு டிரிப்டோபனைத் தாராளமாகக் கொடுத்தாலும் லீடரில் படியெடுத்தல் நிற்பது குறைந்துவிடுகிறது. டிரிப்டோபன் இருக்கிறது, ஏற்றத்தான் ஆள் இல்லை. ரெப்ரஸரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, லீடர் கண்டுபிடித்துவிடுகிறது.

வாளையார்_ஆய்வாளன்:

ஹிஸ் ஒபரான் வாதம் வலுவானது மாஷ், ஒத்துக்கொள்கிறேன். இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் கயலுக்காகச் சேர்த்துவிடுகிறேன், அதைப் படித்தால் பாடம் மறக்காது.

1961-ல் ஜாக்கோபும் மோனோவும் ஒபரான் கருத்தை முழு வடிவில் வெளியிட்டார்கள். 1965-ல் அவர்களுக்கும் லுவோஃபுக்கும் நோபல் பரிசு. 1966-ல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் லாக் ரெப்ரஸரைப் பிரித்தெடுத்தே காட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் எந்த ஒபரானைப் பார்த்தாலும் ரெப்ரஸரைத் தேடுவதுதான் வழக்கமாக இருந்தது.

ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கியின் குழுவினர் டிரிப் ஒபரானில் ஆபரேட்டருக்கும் டிரிப்-ஈக்கும் நடுவே சில துண்டுகள் விடுபட்ட மியூட்டன்ட்டுகளைப் பார்த்தார்கள். துண்டு போனால் வெளிப்பாடு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பல மடங்கு கூடியது. ரெப்ரஸரே இல்லாத செல்களிலும் அப்படியே கூடியது. அப்படியானால் ரெப்ரஸருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தடை அந்த இடத்தில் இருந்திருக்கிறது, துண்டோடு சேர்ந்து அந்தத் தடையும் போய்விட்டது. இது 1973. அடுத்த ஆண்டு கசாய் ஹிஸ் ஒபரானில் இதேபோன்ற தடையைக் காட்டினார். 1970-களின் முடிவுக்குள் நான்கு பகுதிகள், மாற்றி மாற்றிச் சேரும் ஹேர்பின்கள் என்ற படம் உருவாகிவிட்டது.

மீனாட்சிபுரம்_லேப்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எல்லைப் பக்கம் ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நீங்கள் பேசும் ஒபரானைத்தான் தினமும் தட்டில் பார்க்கிறேன், அதை எழுதலாம் என்று வந்தேன்.

பாலில் ஈ. கோலை போன்ற கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க வயலட் ரெட் பைல் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றி வைப்போம். அதில் லாக்டோஸும் நியூட்ரல் ரெட் சாயமும் இருக்கும். லாக்டோஸை உடைத்து அமிலம் விடும் பாக்டீரியாவின் காலனி கருஞ்சிவப்பாக வரும். பெர்மியேஸ் லாக்டோஸை உள்ளே இழுத்து, பீட்டா கேலக்டோசிடேஸ் அதை உடைத்தால்தான் அந்தச் சிவப்பு. ஓ.என்.பி.ஜி. சோதனையிலும் அதே நொதிதான்: நிறமில்லாத பொருளை வெட்டி மஞ்சளாக்கும். பெரும்பாலான சால்மோனெல்லா வகைகள் லாக்டோஸைத் தொடாது, அதனால் அவை தட்டில் நிறமில்லாமல் நிற்கும்.

பாடமாகப் படித்தபோது லாக் ஒபரான் எனக்கு வெறும் படம். பால் வண்டி வந்து நிற்கும் இடத்தில் வேலைக்கு வந்த பிறகு அது ஒரு குடும்பத்தின் குழந்தை குடிக்கும் பாலைப் பற்றிய தகவல் ஆகிவிட்டது. கயல் தங்கச்சி, வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் ஒரு லேபில் போய் நின்று பாருங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் இண்டோல் சோதனை செய்கிறோம். ஈ. கோலை டிரிப்டோபனை உடைத்து இண்டோல் விடும், கோவாக்ஸ் ரீஏஜென்ட் விட்டால் மேலே சிவப்பு வளையம் வரும். டிரிப்டோபன் செய்வதற்கு இவ்வளவு செலவு என்கிறீர்கள். பிறகு ஏன் அதே பாக்டீரியா அதை உடைக்கிறது?

கோபாலபுரம்_தோப்பு:

நான் தென்னை விவசாயி, படிப்பு பி.காம். பையனுக்காக இந்தப் பக்கம் வந்தேன், படிக்கப் படிக்க விட முடியவில்லை. இந்த அட்டனுவேஷன் தென்னையிலும் மாட்டிலும் உண்டா? இருந்தால் பையனிடம் சொல்லலாம்.

மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

தோப்புக்காரரே, வாங்க. இந்த மாதிரி ரைபோசோமை வைத்துச் செய்வது அவற்றில் நடக்காது. தென்னைக்கும் மாட்டுக்கும் நமக்கும் செல்லுக்குள் நியூக்ளியஸ் இருக்கிறது. ஆர்.என்.ஏ. நியூக்ளியஸுக்குள் எழுதப்பட்டு முடிந்து, வெளியே வந்த பிறகுதான் ரைபோசோம் அதைப் படிக்கும். எழுதும்போதே பின்னால் படித்துக்கொண்டு வருவது பாக்டீரியாவில் முடிகிறது. பையனுக்கு இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே போதும்.

லேப் அக்கா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

டிரிப்டோபனை உடைக்கும் நொதியின் பெயர் டிரிப்டோபனேஸ். அதற்கு டி.என்.ஏ.ஏ. ஒபரான் என்று எழுதினால் டி.என்.ஏ.வோடு குழம்பும், அதனால் டினா ஒபரான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் ஒரு லீடர் பெப்டைடு இருக்கிறது, 24 அமினோ அமிலம், நடுவில் ஒரே ஒரு டிரிப்டோபன். இங்கே விஷயம் தலைகீழ். டிரிப்டோபன் நிறைய இருக்கும்போது அது ரைபோசோமிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ரைபோசோம் பெப்டைடை விட முடியாமல் நிறுத்தக் கோடானில் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பின்னால் ரோ என்ற புரதம் வந்து ஆர்.என்.ஏ.வைப் பிடித்துப் படியெடுத்தலை நிறுத்தும் இடம் இருக்கிறது. ரைபோசோம் அந்த இடத்தை மறைத்துவிடுவதால் ரோ ஏற முடியாது. படியெடுத்தல் தொடரும், டிரிப்டோபனேஸ் உண்டாகும்.

ஆக ஒரே டிரிப்டோபன், ஒரே செல். அது நிறைந்திருக்கும்போது செய்யும் ஒபரானில் ஆர்.என்.ஏ. பாதியில் நிற்கிறது, உடைக்கும் ஒபரானில் ஆர்.என்.ஏ. கடைசிவரை போகிறது. செய்வதும் உடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்து வீணாவதில்லை. வெளியிலிருந்து டிரிப்டோபன் கொட்டிக் கிடக்கும்போது அதைக் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உணவாக எடுத்துக்கொள்கிறது. இதையும் யானோஃப்ஸ்கியின் குழுதான் விரிவாகக் காட்டியது. அவர் 2018-ல் இறக்கும்வரை இந்த ஒரு அமினோ அமிலத்தை விடவே இல்லை என்று சொல்லலாம். ஒரு மனிதர் ஒரு சின்ன விஷயத்தின் அடிவரைக்கும் போனால் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

கயல்_எருத்தேம்பதி:

மாஷ், எனக்கு ஒரு பயிற்சிக் கணக்கு வந்திருக்கிறது. நானே போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

முதல் மியூட்டன்ட்: லீடர் பெப்டைடின் தொடக்கக் கோடான் கெட்டுவிட்டது. என் விடை: ரைபோசோம் ஏறவே முடியாது, 1-2, 3-4 சேரும், டிரிப்டோபன் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாவது: 2-3 பிணைப்பு பலவீனமாகும்படி ஓர் எழுத்து மாறிவிட்டது. என் விடை: டிரிப்டோபன் குறைந்தாலும் 2-ஆல் 3-ஐப் பிடித்துவைக்க முடியாது, 3 போய் 4-உடன் சேரும், இதுவும் நிற்கும்.

மூன்றாவது: 3-4 பிணைப்பு பலவீனம். என் விடை: டிரிப்டோபன் நிறைய இருந்தாலும் பாலிமரேஸ் கடந்துபோகும், வெளிப்பாடு கூடும்.

நான்காவது எனக்குத் தெரியவில்லை. டிரிப்டோபன் இருக்கிறது, ஆர்ஜினின் மட்டும் இல்லை. என்ன ஆகும்?

வாளையார்_ஆய்வாளன்:

முதல் மூன்றும் சரி. முதல் இரண்டு வகை மியூட்டன்ட்டுகளையும் நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள், நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. மூன்றாவதில் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: சாதாரண செல்லிலும் டிரிப்டோபன் நிறைந்திருக்கும்போது பத்தில் ஒன்று என்ற அளவில் பாலிமரேஸ் தப்பித்துப் போய்விடும். அட்டனுவேஷன் முழுக்க அடைப்பதில்லை.

நான்காவதற்குப் பெப்டைடின் வரிசையைப் பாருங்கள்: மெத்தியோனின், லைசின், அலனின், ஐசோலூசின், ஃபினைல்அலனின், வாலின், லூசின், லைசின், கிளைசின், டிரிப்டோபன், டிரிப்டோபன், ஆர்ஜினின், த்ரியோனின், செரின். 12ஆவது ஆர்ஜினின்.

கயல்_எருத்தேம்பதி:

அப்படியானால் ரைபோசோம் டிரிப்டோபன் இரண்டையும் தாண்டி, அடுத்த கோடானில் நிற்கும். அங்கே நின்றாலும் பகுதி 1 மறைந்துதான் இருக்கும், 2 காலியாக இருக்கும். 2-3 சேரும். டிரிப்டோபன் இருந்தும் ஒபரான் ஓரளவு திறக்கும்! சரியா?

மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

சரிதான் கண்ணு. ஆர்ஜினின் பட்டினியிலும் லீடரில் நிற்பது குறைகிறது என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் விடைத்தாளில் ஒரு வரி சேர்த்துவிடு: டிரிப்டோபன் இருப்பதால் ரெப்ரஸர் ஆபரேட்டரை அடைத்திருக்கும், ஆகவே மொத்த வெளிப்பாடு பெரிதாக ஏறாது. லீடரின் பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ரெப்ரஸர் இல்லாத மியூட்டன்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா பாக்டீரியாவிலும் இப்படியே இருக்கும் என்றும் எழுதிவிடாதே. பேசில்லஸ் சப்டிலிஸில் டிரிப் ஒபரானை ட்ராப் என்ற புரதம் பார்த்துக்கொள்கிறது. பதினோரு துணை அலகுகள் வளையமாகச் சேர்ந்த புரதம் அது. டிரிப்டோபன் ஒட்டியதும் லீடர் ஆர்.என்.ஏ.வைத் தன்னைச் சுற்றிச் சுருட்டிக்கொள்ளும், அதனால் நிறுத்தும் ஹேர்பின் உருவாகும். அங்கே லீடர் பெப்டைடில் ரைபோசோம் நிற்கும் கதை இல்லை. கேள்வியில் ஈ. கோலையா பேசில்லஸா என்று முதலில் பார்.

மீனாட்சிபுரம்_லேப்:

மாஷ், இண்டோல் சோதனைக்கு நாங்கள் டிரிப்டோன் நீர் பயன்படுத்துகிறோம், அதில் குளுக்கோஸ் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. இதுவும் ஒபரான் விஷயமா?

மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

ஆமாம். டிரிப்டோனில் டிரிப்டோபன் நிறைய, அதனால் லீடரில் ரைபோசோம் நின்று டிரிப்டோபனேஸ் உண்டாக வழி கிடைக்கிறது. ஆனால் டிரிப்டோபன் மட்டும் போதாது. டினா ஒபரான் படியெடுக்கத் தொடங்கவே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறும் அதோடு சேரும் சி.ஏ.பி. புரதமும் வேண்டும், லாக்கில் வருகிற அதே ஜோடி. குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. குறைந்துவிடும், நொதி சரியாக உண்டாகாது. உண்மையில் ஈ. கோலையாக இருந்தும் சிவப்பு வளையம் வராமல் போகலாம். நீங்கள் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். அதனால்தான் சேர்க்க வேண்டாம் என்கிறார்கள்.